காத்திருப்பின் முகவரி

அஞ்சலகமோ வங்கியோ பத்திரப்பதிவு அலுவலகமோ, எந்தக் கவுண்டரின் முன் நின்றாலும் ஒரு வாக்கியம் காதில் விழுகிறது: “சர்வர் ஸ்லோவா இருக்கு.” சொல்கிறவருக்கு அதற்குமேல் தெரியாது. கேட்கிறவருக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றாது. வரிசை அப்படியே நிற்கும். கொஞ்ச நேரத்தில் சிலர் கலைவார்கள், சிலர் ‘நாளைக்கு வாங்க’ என்ற பதிலோடு வீடு திரும்புவார்கள். ஏன் என்ற கேள்வி யார் வாயிலும் எழுவதில்லை.

இந்தப் பழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கணினியில் ஒரு பரிவர்த்தனை நாற்பது நொடி எடுத்தால், அந்த நாற்பது நொடியும் எங்கெங்கோ உண்மையாகவே செலவாகியிருக்கிறது. கவுண்டர் கணினியில் சில நொடி, கம்பியில் சில நொடி, சர்வரின் வாசலில் சில நொடி, தரவுத்தளத்துக்குள் சில நொடி. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு, ஒரு காரணம் உண்டு, பொறுப்பாளரும் உண்டு. நேரம் எங்கே போனது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலில் நோயறிதல். அதைத் தொழில்நுட்பம் தெரிந்தவர்களின் தனிப்பட்ட விவகாரமாக நாம் விட்டுவிட்டோம். யாருடைய நேரம் வீணானது, பழி யார்மேல் விழுந்தது என்ற கேள்விகளும் அதற்குள்ளேதான் இருக்கின்றன.

இதை யோசிக்க மைசூருவைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தோன்றவில்லை.

*

இந்திய அஞ்சல் துறையின் மென்பொருள் வரலாற்றில் மைசூருவுக்குத் தனியிடம் உண்டு. அஞ்சலகக் கவுண்டர்களில் பல்லாண்டு ஓடிய ‘மேக்தூத்’ மென்பொருள் அங்குள்ள அஞ்சல் பயிற்சி மையத்தில்தான் பிறந்தது. அஞ்சல் தொழில்நுட்பச் சிறப்பு மையம் இருப்பதும் அதே ஊரில். மேக்தூத் காலத்தில் ஒவ்வோர் அலுவலகமும் தனித் தீவாக இருந்தது. சேமிப்புக் கணக்குகளுக்கான ‘சஞ்சய் போஸ்ட்’டும் அப்படித்தான். சர்வர் பக்கத்து அறையில் இருக்கும். கணினி திணறினால் போஸ்ட்மாஸ்டர் எழுந்துபோய் அதைப் பார்த்துவிட்டு வரலாம். அதன் வேகம் குறைவுதான். ஆனால் தாமதம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

பிறகு எல்லாம் ஒரே மையத்துக்குப் போயின. 2013 டிசம்பரில் சென்னை கிரீம்ஸ் சாலை அஞ்சலகம் நாட்டிலேயே முதலாவதாகக் கோர் பேங்கிங் முறைக்கு மாறியது. சேமிப்புக் கணக்குகள் இன்ஃபோசிஸின் ஃபினாக்கிள் என்ற வங்கி மென்பொருளுக்குள் சென்றன. அதே 2013இல் அஞ்சல், கணக்கு, பணியாளர் நிர்வாகம் அனைத்தையும் ஒருங்கிணைக்கும் பணி, 1,100 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் டி.சி.எஸ்.ஸிடம் போனது. அந்த அமைப்பின் முதுகெலும்பு எஸ்.ஏ.பி. என்ற நிறுவன மேலாண்மை மென்பொருள். அதன் தரவு மையம் நவி மும்பையிலும், பேரிடர்க் காலத்துக்கான மாற்று மையம் மைசூருவிலும் இருந்தன. அதற்கடுத்த தலைமுறையைத் துறை தன் சொந்த ஆட்களைக் கொண்டே எழுதியது. ‘மேம்பட்ட அஞ்சல் தொழில்நுட்பம்’ என்ற பொருளில் ஏ.பி.டி. என்று அழைக்கப்படும் அந்த மென்பொருளை உருவாக்கியது அஞ்சல் தொழில்நுட்பச் சிறப்பு மையம். 2025 மே, ஜூன் மாதங்களில் கர்நாடக வட்டத்தில் சோதனையோட்டம் நடந்தது. ஆகஸ்ட் 4ஆம் தேதிக்குள் நாட்டின் எல்லா அஞ்சல் வட்டங்களும் அதற்கு மாறின. ஓட்டிக்கொண்டிருக்கும் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ, பல இடங்களில் கவுண்டர்களை ஒரு நாள் மூடவேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 9 ரக்ஷா பந்தன். ராக்கி அனுப்ப மக்கள் வரிசையில் நின்ற அந்த வாரத்தில் பல ஊர்களில் மென்பொருள் திணறியதை நாளேடுகள் எழுதின. அதே மாதம் துறை தன் சாதனையையும் அறிவித்தது: ஒரே நாளில் 32 லட்சம் பதிவுகள், 37 லட்சம் பட்டுவாடாக்கள். இரண்டு செய்திகளும் உண்மையாக இருக்க முடியும். எப்படி என்று புரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

*

முதலில் அந்த 32 லட்சத்தை எடுத்துக்கொள்வோம். எட்டு மணி நேர வேலைநாளில் சீராகப் பிரித்தால் நொடிக்கு நூற்றுப்பத்துச் சொச்சம் பதிவுகள். 2014இல் ரயில்வேயின் இணைய முன்பதிவு அமைப்பு புதுப்பிக்கப்பட்டபோது அதன் திறன் நிமிடத்துக்கு 2,000 டிக்கெட்டிலிருந்து 7,200ஆக உயர்ந்தது. அதுவும் நொடிக்கு 120தான். இன்றைய கணினிகளை இந்த எண்கள் அச்சுறுத்துவதில்லை. மொத்த எண்ணிக்கை பெரும்பாலும் குற்றவாளி ஆவதில்லை. பரிவர்த்தனைகள் எந்த நேரத்தில் கூட்டமாக வருகின்றன, தரவுத்தளத்தில் எந்த ஒரே வரியை எல்லாரும் கேட்கிறார்கள், ஒரு வேலையை முடிக்க எத்தனை முறை போய்வர வேண்டியிருக்கிறது என்பவைதான் வேகத்தைத் தீர்மானிக்கின்றன.

ஆகவே இந்தத் தொழிலில் பழுத்தவர்கள் கணினியைத் தொடுவதற்கு முன் கேள்வி கேட்பார்கள். எல்லாருக்கும் தாமதமா, ஒருவருக்கு மட்டுமா? எல்லா வேலைக்குமா, ஒரு குறிப்பிட்ட திரையில் மட்டுமா? நாள் முழுக்கவா, பதினொரு மணிக்குத்தானா? எந்த நாளிலிருந்து? அந்த நாளுக்கு முன்பு என்ன மாறியது? எளிய கேள்விகள்தான். எல்லாருக்கும் என்றால் மையத்தைச் சந்தேகிக்கலாம். ஓர் ஊருக்கு மட்டும் என்றால் வழியை. ஒரு திரைக்கு மட்டும் என்றால் அந்த நிரலை. நேற்றுவரை சரியாக இருந்தது என்றால் நேற்று மாறியதை. ‘ஸ்லோ’ என்ற ஒற்றைச் சொல் இந்தக் கேள்விகளுக்கு முன்னால் தானாகவே பல சொற்களாகப் பிரிந்துவிடும்.

அதன்பின் அளவீடு. எஸ்.ஏ.பி. போன்ற அமைப்புகள் ஒவ்வொரு பரிவர்த்தனையின் நேரத்தையும் உறுப்புறுப்பாகப் பதிவுசெய்து வைக்கின்றன. வேலை செய்யும் செயல்முறை ஒன்று காலியாகும்வரை வாசலில் காத்த நேரம் தனி. பயனரின் முந்தைய நிலையை நினைவகத்துக்கு எடுத்துவந்த நேரம் தனி. நிரலை ஏற்றியது, கணக்கிட்டது, தரவுத்தளத்தில் செலவழித்தது, பூட்டுக்காகக் காத்தது எல்லாம் தனித்தனி. பதிவேட்டைத் திறந்து ஒரே ஒரு வரியைப் படித்தால் போதும், சந்தேகத்தின் திசை தெரிந்துவிடும். நாற்பது நொடியில் முப்பத்தெட்டு நொடி தரவுத்தளத்தில் என்றால், நெட்வொர்க் பொறியாளரைத் திட்டுவதில் பயனில்லை. மொத்த நேரமே அரை நொடி என்று சர்வர் சொல்லி, கவுண்டரில் நாற்பது நொடி கடந்திருந்தால், குற்றம் சர்வருக்கு வெளியே நடந்திருக்கிறது.

*

வாசலில் காத்த நேரத்திலிருந்து தொடங்கலாம். இதன் கணிதத்தை எழுதத் தொடங்கியவர் டென்மார்க்கின் ஏ. கே. எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலைபார்த்த அவர், எத்தனை இணைப்புகள் வைத்தால் எவ்வளவு பேர் காத்திருக்க நேரும் என்ற கேள்வியை ஆராய்ந்து, 1909இல் அதையொட்டிய தன் முதல் கட்டுரையை வெளியிட்டார். வரிசைக் கோட்பாடு என்று இன்று நாம் சொல்வதன் ஊற்று அது.

அந்தக் கோட்பாட்டின் ஓர் எளிய முடிவை ஒவ்வொரு நிர்வாகியும் சுவரில் எழுதிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு கவுண்டர் இருக்கிறது, ஒருவருக்குச் சராசரியாக 2 நிமிட வேலை, ஆட்கள் ஒழுங்கில்லாமல் வருகிறார்கள். கவுண்டர் தன் திறனில் பாதியளவு வேலை செய்யும்போது ஒருவர் உள்ளே வந்து வெளியேறச் சராசரியாக 4 நிமிடம் ஆகும். 80 சதவீதம் என்றால் 10 நிமிடம். 90 என்றால் 20. 95 என்றால் 40. வேலைப்பளு பாதியிலிருந்து 95க்குப் போகும்போது இரு மடங்குகூட ஆவதில்லை, உள்ளே வந்து வெளியேறும் நேரமோ பத்து மடங்காகிவிடுகிறது. ‘நேற்றைவிட இன்றைக்குக் கொஞ்சம்தான் கூட்டம் அதிகம், எப்படி இப்படி நின்றுபோனது?’ என்ற கேள்விக்கு இதுதான் பதில். எந்திரத்தை முழுத் திறனுக்கு வேலை வாங்குவதைச் சிக்கனம் என்று எண்ணும் நிர்வாகம், அந்தச் சிக்கனத்தின் விலையை வரிசையில் நிற்பவரிடம் வசூலிக்கிறது.

அஞ்சலகத்தில் கூட்டம் எப்போது கூடும் என்பதும் தற்செயல் கிடையாது. தொடர் வைப்புக் கணக்கை மாதத்தின் முதல் பாதியில் தொடங்கியவர்கள் ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் தவணை கட்ட வேண்டும். 16ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களுக்கு மாதத்தின் கடைசி வேலைநாள் கெடு. முகவர்களாக இருக்கும் பெண்கள் வீடுவீடாகத் தண்டிய தவணைகளைப் பட்டியல் போட்டு அந்தக் கெடுவை ஒட்டித்தான் கொண்டுவருவார்கள். நாடெங்கும் ஒரே நாளில், ஏறக்குறைய ஒரே நேரத்தில். அந்த நெரிசலை உண்டாக்குவது விதிமுறை. அதன் நிவாரணமும் ஓரளவுக்கு விதிமுறையில்தான் இருக்கிறது. கெடுவை ஒரு வாரத்துக்குப் பரப்பினால், புது சர்வர் ஒன்றுகூட வாங்காமல் சுமை இறங்கும். கணினிக் கோளாறு என்று நாம் பெயரிடும் பலவற்றின் வேர் இப்படி ஏதோ ஓர் அலுவலகச் சுற்றறிக்கையில் கிடக்கிறது.

*

அடுத்து தரவுத்தளம். கோடிக்கணக்கான கணக்குகள் உள்ள அட்டவணையில் ஒரு கணக்கைத் தேட இரண்டு வழிகள் உண்டு. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிப்பது ஒன்று, இன்டெக்ஸ் வழியாக நேரே போவது இன்னொன்று. அஞ்சல் பிரிப்பவர் முன்னால் இருக்கும் அறைகளிட்ட பலகைதான் இன்டெக்ஸ்: ஊர் வாரியாகப் போட்டுவைத்த கடிதத்தை எடுக்க அந்த அறைக்குள் கைவிட்டால் போதும், பலகை இல்லையென்றால் மொத்தச் சாக்கையும் கொட்டித் தேட வேண்டும். கணக்கு எண்ணுக்கு இன்டெக்ஸ் இருக்கும். வாடிக்கையாளரின் பெயரை வைத்துத் தேடும் திரை ஒன்றைப் புதிதாகச் சேர்த்தவர் பெயருக்கும் ஒன்று உண்டாக்க மறந்திருப்பார். ஆயிரம் வரிகள் கொண்ட சோதனை அட்டவணையில் அந்த மறதி தெரியாது, கண்ணிமைக்கும் நேரத்தில் விடை வரும். கோடி வரிகள் சேர்ந்த பிறகே அது வெளிப்படும்.

மறதி இன்னொரு வடிவிலும் வரும். நூறு தவணைகள் கொண்ட முகவர் பட்டியலைப் படிக்கத் தரவுத்தளத்திடம் ஒருமுறை கேட்டால் போதும். நிரலோ பட்டியலை ஒருமுறை கேட்டுவிட்டு, அதிலுள்ள ஒவ்வொரு கணக்குக்கும் மறுபடி தனித்தனியே கேட்கும்படி எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு கேள்வியும் மில்லிநொடியில் முடிவதால் மெதுவான கேள்விகளைத் தேடும் கருவியின் கண்ணில் எதுவும் படாது. நூற்றொரு கேள்விகள் என்பதுதான் நோய். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே ஆரோக்கியமாகத் தெரியும்.

பூட்டு இவை எல்லாவற்றிலும் நுட்பமானது. இருவர் ஒரே நேரத்தில் ஒரே இருப்பை மாற்றினால் கணக்கு தப்பாகிவிடும். அதனால் ஒருவர் முடிக்கும்வரை மற்றவரை நிறுத்திவைக்கும் ஏற்பாடு தரவுத்தளத்தில் உண்டு. அவசியமான, நேர்மையான ஏற்பாடு. ஆனால் நாட்டிலுள்ள எல்லாக் கவுண்டர்களும் தங்கள் அடுத்த ரசீது எண்ணை ஒரே வரியிலிருந்து பெறும்படி ஒருவர் வடிவமைத்துவிட்டால், அந்த ஒற்றை வரியின் முன்னால் தேசமே வரிசையில் நிற்கும். அப்போது சர்வரின் செயலியைப் பார்த்தால் பாதிகூட வேலை செய்யாமல் ஓய்வாக இருக்கும், நினைவகம் தாராளமாக இருக்கும். இந்த நிலையில் கூடுதல் சர்வர் வாங்கினால் பூட்டின் முன்னால் நிற்பவர்களின் எண்ணிக்கைதான் கூடும். பணம் செலவழித்துத் தாமதத்தை வளர்ப்பது இப்படித்தான் நடக்கிறது. எண்களை நூறு நூறாக முன்கூட்டியே ஒவ்வொரு சர்வருக்கும் பகிர்ந்து கொடுத்துவிடுவது இதற்கான எளிய மருந்து. நோயைக் கண்டுபிடித்தவருக்கு மட்டுமே மருந்து எளிது.

*

இனி ராமாபுரம். ஹனூர் வட்டத்தில், மாதேஸ்வரன் மலையைச் சூழ்ந்த காட்டுப் பகுதியை ஒட்டிய ஊர். 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டம் ஆகும்வரை அது மைசூரு மாவட்டம். அந்தப் பக்கத்துக் கொள்ளேகால் சீமை 1956வரை சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. தமிழும் கன்னடமும் ஒன்றோடொன்று பேசிப் பழகிய மண். மைசூருவில் எழுதப்படும் மென்பொருள் போய்ச் சேர்ந்தாக வேண்டிய இடத்தின் பெயராக ராமாபுரத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். காட்டோரத்து ஊர்களுக்கும் பயன்பட்டால்தான் அது அஞ்சல் துறையின் மென்பொருள்.

ராமாபுரத்திலிருந்து, தரவு மையம் இருந்த நவி மும்பைக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 900 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வரப் பத்து மில்லிநொடி போதும். வளைந்து செல்லும் பாதையையும் இடையிலுள்ள கருவிகளையும் சேர்த்து அது 40 மில்லிநொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை போய்வந்தால் யாருக்கும் தெரியாது. ஒரு திரையை நிரப்ப நூறு முறை போய்வரும் நிரல் என்றால் 4 நொடி போய்விட்டது. மைசூருவில் நிரலாளரின் மேசைக்கும் சோதனை சர்வருக்கும் இடையே ஒரு மில்லிநொடிகூட இல்லை. அதே நூறு பயணம் அங்கே பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் முடிந்துவிடும். நிரலில் எழுத்துகூட மாறவில்லை, இடம் மட்டும் மாறியது. தூரத்தைத் தன் மேசையில் உணர முடியாத ஒருவர் எழுதிய நிரல், தூரத்தில் இருப்பவரைத் தண்டிக்கிறது.

செயற்கைக்கோள் இணைப்பு என்றால் இன்னும் கடினம். 1990களின் நடுவிலேயே அஞ்சல் துறை மணியார்டர்களை வீ-சாட் வழியே அனுப்பத் தொடங்கிவிட்டது. புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கேள்வி மேலே போய்க் கீழே இறங்கி, பதிலும் அப்படியே திரும்ப அரை நொடி ஆகும். இயற்பியல் விதித்த கட்டணம் அது, பேரம் பேச முடியாது. நூறு முறை பேசும் நிரலுக்கு அங்கே 50 நொடி. கைபேசிக் கோபுரத்தின் அலை மங்கலாக இருந்தாலும் கதை வேறு வழியில் கெடும்: வழியில் தொலைந்த துண்டுகளை மறுபடி அனுப்ப வேண்டும், தொலைவது கூடினால் அனுப்பும் முனை நெரிசல் என்று கருதித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இந்த உண்மையை மதித்து எழுந்த வடிவமைப்பும் நம்மிடம் உண்டு. 2017 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட ‘தர்ப்பண்’ திட்டம் சுமார் 1,400 கோடி ரூபாயில் 1.29 லட்சம் கிளை அஞ்சலகங்களுக்குக் கையடக்கக் கருவிகளைக் கொடுத்தது. சூரிய ஒளியில் மின்னேற்றிக்கொள்ளலாம். இணைப்பு இல்லாதபோது பரிவர்த்தனையைத் தன்னிடமே பதிந்துகொண்டு, அலை கிடைத்ததும் மையத்துக்கு அனுப்பும். கிராம அஞ்சல் ஊழியருக்கு முன்னால் நிற்பவரின் நேரத்தை நெட்வொர்க்கின் கையில் ஒப்படைக்காத யோசனை அது. தாமதத்தைப் போக்க எப்போதும் வேகம்தான் வழி என்பதில்லை. எந்த வேலைக்கு மையத்தின் பதில் உடனே வேண்டும், எதற்கு மாலைக்குள் வந்தால் போதும் என்று பிரித்தறிவதும் வழிதான்.

*

இவ்வளவையும் அறிந்த ஒரு மையம்கூட ராமாபுரத்தைக் காணத் தவறலாம். அதற்குக் காரணம் சராசரி.

நூறு பரிவர்த்தனைகளில் 95 ஒரு நொடியில் முடிந்தன, 5 மட்டும் ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் எடுத்தன. சராசரி 4 நொடிக்குச் சற்றுக் குறைவு. அந்த 4 நொடியை அனுபவித்தவர் யாருமில்லை. 95 பேருக்கு அது மிகை, 5 பேருக்கு அது பொய். அந்த ஐந்தும் ஒரே ஊரிலிருந்து வந்தவையாக இருந்தால், அந்த ஊருக்கு மென்பொருளே இல்லை என்று பொருள். ஆனால் மையத்தின் திரையில் பச்சை விளக்கு எரியும். 1.6 லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்களின் சராசரியில் ஓர் ஊர் எத்தனை மணி நேரம் நின்றுபோனாலும் தசமப் புள்ளிக்குப் பின்னால்கூடத் தெரியாது. இந்தத் துறையில் கடைசி ஐந்து சதவீதத்தை, கடைசி ஒரு சதவீதத்தைத் தனியே பார்க்கச் சொல்லும் பழக்கம் இதனால்தான் வந்தது. அதையும் ஊர்வாரியாகப் பார்த்தால்தான் உண்மை முழுதாகும்.

இதைவிட ஆழமான பிழை ஒன்று இருக்கிறது. சர்வர் தன்னிடம் வந்துசேர்ந்த பரிவர்த்தனைகளை மட்டுமே அளக்க முடியும். இணைப்பு கிடைக்காமல் தொடங்கவே தொடங்காத பரிவர்த்தனைக்குப் பதிவேட்டில் வரி கிடையாது. அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுக் கைப்பையை மூடிக்கொண்டு கிளம்பிய பெண்ணின் காத்திருப்பு எந்தச் சராசரியிலும் சேராது. நிலைமை மிக மோசமாகும்போது ஆட்கள் விலகுகிறார்கள், சுமை குறைகிறது, எஞ்சியவை வேகமாக முடிகின்றன, அறிக்கை அழகாகிறது. 32 லட்சம் என்ற எண் நடந்ததைச் சொல்கிறது. அன்று நடக்காமல் போனதைச் சொல்லும் எண் எங்கும் இல்லை. சாதனை அறிவிப்பும் கவுண்டரின் திணறலும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இப்படித்தான்.

அதனால் கடிகாரம் எங்கே இருக்கிறது என்பது முக்கியம். எஸ்.ஏ.பி. உலகில் வன்பொருளின் திறனை மதிப்பிடும் அளவுகோல் சோதனையில் சராசரி மறுமொழி நேரம் ஒரு நொடிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 2009 வரை அது இரண்டு நொடி. ஒப்பந்தங்களில் எழுதப்படும் வாக்குறுதிகளும் பெரும்பாலும் இத்தகையவை: சர்வரின் உள்ளே ஓடும் கடிகாரத்தின் வாக்குறுதிகள். கவுண்டர் ஊழியரின் விரல் விசையைத் தொட்ட கணத்திலிருந்து ரசீது கையில் வரும்வரை ஓடும் கடிகாரம் ஒன்று வேண்டும். அதற்கும் முன்னால், வாடிக்கையாளர் வாசற்படி ஏறியதிலிருந்து ஓடும் கடிகாரமும் வேண்டும்.

*

கவுண்டரின் உள்ளே அமர்ந்திருப்பவரைப் பற்றியும் பேச வேண்டும். 1968இல் ராபர்ட் மில்லர், கணினியோடு பேசும் மனிதருக்கு எவ்வளவு தாமதம் தாங்கும் என்று ஆராய்ந்து எழுதினார். பத்து நொடியைத் தாண்டினால் கவனத்தின் இழை அறுந்துவிடுகிறது என்பது அந்த மரபு கண்ட முடிவு. 1982இல் ஐ.பி.எம்.மின் வால்டர் டோஹர்டியும் அரவிந்த் தடானியும் இன்னொன்றைக் காட்டினார்கள்: கணினியின் பதில் நேரம் குறையும்போது மனிதர் அடுத்த செயலுக்கு எடுக்கும் நேரமும் சேர்ந்து குறைகிறது. தாமதம் மனிதரையும் தன் வேகத்துக்கு இழுத்துக்கொள்கிறது என்பது இதன் மறுபக்கம். நாள் முழுக்க உறைந்த திரையைப் பார்த்திருப்பவர் சோர்வது சோம்பல் கிடையாது. அவரைச் சோம்பேறி என்று வரிசை நினைக்கிறது, சில நேரம் வாய்விட்டும் சொல்கிறது.

பழி இதைவிட நெடுந்தூரம் போன கதை பிரிட்டனில் நடந்தது. அங்கே அஞ்சலகங்களில் 1999 முதல் நிறுவப்பட்ட ‘ஹொரைசன்’ மென்பொருள், இல்லாத பற்றாக்குறைகளைக் கணக்கில் காட்டியது. துணைப் போஸ்ட்மாஸ்டர்கள் பணத்தைத் திருடிவிட்டதாக வழக்குகள் பாய்ந்தன. 2015 வரையான ஆண்டுகளில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் மென்பொருளின் பிழைகளை உறுதிசெய்தது. 2024இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமியற்றித் தீர்ப்புகளை ரத்துசெய்தது.

அந்தப் பிழைகளில் ஒன்று உறைந்த திரையிலிருந்து பிறந்தது. ஸ்காட்லாந்தின் டால்மெல்லிங்டன் பகுதிக் கிளையில் 2015 அக்டோபரில் 8,000 பவுண்ட் கொண்ட பணப்பை வந்தது. வரவை உறுதிசெய்யும் திரை அசையவில்லை. பதில் வராததால் விசையை மறுபடி அழுத்தினார்கள். ஒவ்வொரு அழுத்தத்தையும் மென்பொருள் சத்தமில்லாமல் ஒரு புது வரவாக எழுதிக்கொண்டது. பை நான்கு முறை பதிவாகி, 24,000 பவுண்ட் இல்லாத பணம் அந்தக் கிளையின் கணக்கில் ஏறியது. இந்தக் கிளையில் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. அந்த அமைப்பில் பொதுவாகக் கணக்கு இடித்தால் விடைசொல்ல வேண்டியவர் கவுண்டரில் இருந்தவர்தான்.

பதில் வராத திரையை மீண்டும் அழுத்துவது மனித இயல்பு. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் பிறக்கும்போதே ஓர் எண்ணைக் கொடுத்து, அதே எண் எத்தனை முறை வந்தாலும் ஒரே முறைதான் எழுத வேண்டும் என்று நிரலுக்குச் சொல்லியிருந்தால் அந்த அழுத்தங்களால் தீங்கு நேராது. இது பொறியாளர்கள் நெடுங்காலமாக அறிந்த வழி. தாமதத்தை வெறும் வசதிக்குறைவு என்று எண்ணுகிறவர்கள் இந்த வழியைத் தேட மாட்டார்கள். பதில் வராமை என்பது வேலை நடக்காமை என்று பொருள்படாது. நடந்ததா இல்லையா என்று தெரியாத அந்த இடைவெளியில் ஒருவரின் பணமும் இன்னொருவரின் மானமும் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

*

ஆகவே நான் கேட்பது மூன்று. மறுமொழி நேரத்தைக் கவுண்டரிலிருந்து அளக்க வேண்டும், தரவு மையத்திலிருந்து அளந்தது போதாது. அந்த அளவை ஊர்வாரியாக வைத்திருந்து, மிக மோசமான ஊரிலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு பெரிய தாமதத்துக்கும் பிறகு நேரம் எங்கே போனது, ஏன் போனது, என்ன மாற்றப்பட்டது என்று மூன்று பத்தியாவது எழுதி, அந்த அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில், அந்த ஊரின் மொழியில் ஒட்ட வேண்டும். இவற்றுக்கான பதிவுகள் கணினிக்குள் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கின்றன. படிப்பவர்தான் வேண்டும்.

இவ்வளவு அக்கறை ஏன் என்றால், காத்திருப்பு ஒரு செலவு. மின்சாரம், வாடகை, சம்பளம், உரிமக் கட்டணம் எல்லாம் துறையின் கணக்கில் ஏறுகின்றன. கவுண்டர் முன் நிற்கும் நேரம் மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறாமல், நிற்பவரின் கூலியிலிருந்து கழிகிறது. அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்குச் சேமிப்புக் கணக்கில் ஐந்நூறு ரூபாய் போடுவதற்கு அரை நாள் வேலை போனால், அவருடைய வட்டியை அஞ்சலக வாசலே எடுத்துக்கொண்டது. செலவு எழுதப்படாதவரை அதைக் குறைக்க எவருக்கும் காரணம் இருக்காது. அளந்து, முகவரி கண்டு, எழுதிவைத்துவிட்டால் அதற்கு ஒருவர் பதில்சொல்லியாக வேண்டும். குடிமக்களின் நேரத்துக்கும் கணக்கு வைக்கத் தொடங்கும் நாளில்தான் நம் அலுவலகங்கள் கணினிமயமாகிவிட்டன என்று நான் ஒப்புக்கொள்வேன்.